மேட்ச் முடிந்த பிறகு வீட்டுக்கு எப்படிப் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்கும் மதுரைக்கும் சர்வதேச கிரிக்கெட் வர வேண்டும் என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை இருக்கை, எத்தனை விளக்குக் கம்பம், வாகனம் நிறுத்த எத்தனை ஏக்கர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பார்க்க வருகிறவள் எப்படி வருவாள், ராத்திரி எப்படித் திரும்பிப் போவாள் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை நான் எழுதலாமே என்று தோன்றியது. கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். சர்வதேச மேட்ச் என்றால் தமிழ்நாட்டில் சேப்பாக்கம்தான். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார வேண்டும். ஆனால் திருவனந்தபுரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கிருந்து கொல்லம் போகும் சாலையில் இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் காரியவட்டம். கேரளப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம். ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். ஆகவே எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொந்த மைதானம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. சரியாக அதே தேதியில், 2018இல், நாங்கள் எல்லை தாண்டிப்போய் இந்தியா - வெஸ்ட் இண்டீஸ் மேட்ச் பார்த்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

இதுவரை ஐந்து மேட்ச் நேரில் பார்த்திருக்கிறேன். ஐந்தும் திருவனந்தபுரத்தில்தான்.

முதலில் பார்த்தது 1988 ஜனவரி 25. திங்கட்கிழமை. அப்போது இந்த ஸ்டேடியம் கிடையாது. ஊருக்கு நடுவே பாளையத்தில் இருக்கும் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் ஆட்டம். எனக்குப் பதினொரு வயது. அப்பா என் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தம்பி சின்னவன் என்று அவனை விட்டுவிட்டார். இன்றைக்கும் அவன் அதைச் சொல்லிக்காட்டுவான். ஸ்ரீகாந்த் 101 அடித்தார். நம்ம ஊர்க்காரர் என்று அப்பா பக்கத்திலிருந்த மலையாளத்துக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ரீகாந்த் சென்னைக்காரர், சென்னைக்கும் எங்களுக்கும் எழுநூறு கிலோமீட்டர் என்பதெல்லாம் அன்றைக்குக் கணக்கில் வரவில்லை. அப்புறம் வெஸ்ட் இண்டீஸ் ஒரே ஒரு விக்கெட்டைக் கொடுத்துவிட்டு மொத்த ரன்னையும் எடுத்துவிட்டது. ஆனால் பகல் மேட்ச். சாயங்காலம் முடிந்தது. தம்பானூர் வரை நடந்தே வந்து, நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்து, ராத்திரிச் சோற்றுக்கு வீட்டில் இருந்தோம். தோற்ற வருத்தத்தில் அப்பா வழியெல்லாம் பேசவில்லை. நான் ஜன்னலோரத்தில் தூங்கிவிட்டேன்.

அதற்கு அடுத்த சர்வதேச மேட்ச் அந்த நகரத்துக்கு வர ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது. 2017 நவம்பர் 7. அப்பா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டார். மகளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். நியூசிலாந்தோடு டி20. தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது, இதில் ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. ஏழு மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். நவம்பர் மழையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்தியானமே கறுத்துவிட்டது. குடை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பாலிதீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த இரண்டரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. முப்பது வருடம் காத்திருந்த ஊர், இரண்டரை மணி நேரம் என்ன பெரிது? மழை கொஞ்சம் விட்டதும் மைதானப் பணியாளர்கள் ஓடிவருவார்கள். கூட்டம் அவர்களுக்குக் கைதட்டும். தண்ணீர் உறிஞ்சும் உருளை வண்டி ஒரு சுற்று சுற்றி வந்தால் சிக்ஸர் அடித்த மாதிரி சத்தம். மறுபடி மழை. தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள். அதற்கும் கைதட்டல். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயசான சேட்டன் தார்ப்பாயை இழுக்கிற ஆட்களைப் பார்த்து, அந்தப் பக்கம் பிடி, இந்தப் பக்கம் பிடி என்று மலையாளத்தில் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார். அவர்களுக்குக் கேட்க வாய்ப்பே இல்லை. கடைசியில் ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு எட்டு ஓவர். இந்தியா 67. நியூசிலாந்து 61. பும்ரா இரண்டு ஓவரில் ஒன்பதே ரன் கொடுத்து இரண்டு விக்கெட். ஆறு ரன்னில் ஜெயித்தோம். இருபது ஓவர் முழுசாக ஆடியிருந்தால்கூட இந்த அளவுக்கு நெஞ்சு அடித்திருக்காது.

சரி, ஜெயித்தாயிற்று. மணி பதினொன்று. இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு சாலையில் இறங்கினார்கள். திருவனந்தபுரத்துக்காரர்கள் பைக்கில் வந்திருந்தார்கள், அவர்களும் நகர முடியவில்லை. எங்களைப் போல மார்த்தாண்டம், நாகர்கோவில், திருநெல்வேலி என்று வந்தவர்களுக்கும், அந்தப் பக்கம் கொல்லம், ஆலப்புழை என்று வந்தவர்களுக்கும் கால்தான் வண்டி. தம்பானூருக்குப் பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர்கள் சொன்ன தொகையில் நான் ஒரு ஜாக்கெட் அல்ல, நான்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டும். ஈரத் துணியோடு நடந்தோம். மகளுக்குப் பதின்மூன்று வயது. நடுவில் எங்கள் கூட்டத்தைத் தாண்டிப் போன பஸ் எல்லாம் படிக்கட்டு வரை ஆள். ஏதோ ஒரு இடத்தில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். தம்பி மட்டும் இல்லை என்றால் ஏறியிருக்கமாட்டேன். தம்பானூரில் ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டே களியக்காவிளை வரை வந்து, அங்கே ராத்திரி இரண்டரை மணிக்குக் கட்டன் சாயா குடித்தோம். வீட்டுக்கதவைத் திறக்கும்போது பால்காரர் வந்துவிட்டார்.

எட்டு ஓவரும் எட்டு ஓவருமாகப் பதினாறு ஓவர் ஆட்டத்துக்குப் பதினாறு மணி நேரம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். டிவியில் உங்களைத் தேடினேன், காணவில்லை, ஆனால் பும்ராவின் ஸ்லோ பாலை நான்கு கோணத்தில் பார்த்தேன் என்று மறுநாள் போனில் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் யோசித்தேன், அந்த உருளை வண்டிக்குக் கைதட்டியதை அவருக்கு எந்தக் கோணத்தில் காட்டுவார்கள்?

2018 மேட்ச் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெஸ்ட் இண்டீஸ் 104க்குச் சுருண்டது, நாம் பதினைந்து ஓவருக்குள் அடித்துவிட்டோம். ஐம்பது ஓவர் மேட்ச்சுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதிக்கும் குறைவாகப் பார்த்தோம் என்று தம்பி புலம்பினான். எனக்குக் குறை இல்லை. இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட்டோம். 2019க்கு நான் போகவில்லை. டிசம்பர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் தையல். மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. தம்பி மட்டும் போனான். திருவனந்தபுரத்துப் பையன் சஞ்சு சாம்சன் அணியில் இருந்தும் ஆடுகிற பதினொருவரில் இல்லை. ரிஷப் பண்ட் ஒரு கேட்ச்சை விட்டதும் கூட்டம் முழுக்க சஞ்சு, சஞ்சு என்று கத்த, கோலி திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டி என்ன இது என்று கேட்டாராம். இதை அவன் இருபது தடவை சொல்லிவிட்டான்.

2022 செப்டம்பர் 28 தென்னாப்பிரிக்கா மேட்ச். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்றைக்கு மகளும் நானும் மட்டும். மூன்று மணிக்கே கிளம்பியும் நகரத்துக்குள் சாலை நெரிசலில் மாட்டி, ஸ்டேடியம் வாசலுக்கு வரும்போது ஆறரை. பெண்களுக்கென்று சோதனை வரிசை ஒன்றே ஒன்று. ஆண்களுக்கு ஐந்தாறு. கிரிக்கெட் பார்க்கப் பெண்கள் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். வந்தது கல்லூரிப் பெண்களே ஆயிரக்கணக்கில். தண்ணீர்ப் பாட்டில் கூடாது, சில்லறைக் காசு கூடாது, பவர் பேங்க் கூடாது. என் முறை வந்தபோது சோதனை செய்த பெண் என் கைப்பையைக் கவிழ்த்தாள். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, ஊக்கு ஒரு அட்டை, பாபின் இரண்டு, அளவெடுக்கிற டேப். தையல்காரியின் பையில் வேறு என்ன இருக்கும்? கத்தரியைத் தொட்டியில் போட்டாள். டேப்பை உருவி, நீள நீளமாக இழுத்துப் பார்த்து, பிட்ச்சை அளக்கவா என்று கேட்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உள்ளே இருந்து முதல் சத்தம்.

கான்கிரீட் வழியாக வருகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். காதுக்கு முன்னால் காலில் தெரியும். வரிசையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில், விக்கெட், என்றார்கள். யார் என்று தெரியாது. உள்ளே ஓடவும் முடியாது, கம்பித் தடுப்பைத் தாண்டி இன்னும் ஒரு வரிசை இருந்தது, டிக்கெட்டைக் கோடு பார்த்து அனுப்புகிற இடம். அங்கே நிற்கும்போது இரண்டாவது சத்தம். அது அடங்குவதற்குள் மூன்றாவது. உடனே நான்காவது. ஒரு பொண்ணு அழவே ஆரம்பித்துவிட்டாள். என் போனில் மஸ்கட்டிலிருந்து வாட்ஸ்அப் வருகிறது. பவுமா போல்ட். அப்புறம், டி காக், ரூஸோ, மில்லர், அர்ஷ்தீப் ஒரே ஓவரில் மூன்று. நீங்கள் பார்த்தீர்களா? நான் மைதானத்திலிருந்து இருநூறு மீட்டரில் நிற்கிறேன். எனக்குச் செய்தி மஸ்கட் போய்ச் சுற்றி வருகிறது. நாங்கள் படியேறி உள்ளே கால் வைத்தபோது ஸ்கோர்போர்டில் 9க்கு 5. ஆட்டம் தொடங்கி மூன்று ஓவர்கூட முடியவில்லை. மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அம்மா, அடுத்த தடவை கத்தரியை வீட்டில் வைத்துவிட்டு வா.”

மிச்சம் நன்றாகத்தான் இருந்தது. சூர்யகுமாரும் ராகுலும் ஆளுக்கு ஐம்பது அடித்து முடித்தார்கள். திரும்பி வருவது பழைய கதைதான், ஆனால் இந்த முறை நான் கற்றுக்கொண்டிருந்தேன். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் வீட்டு முற்றங்களில் வண்டி நிறுத்த இடம் விடுவார்கள், பைக்குக்கு ஐம்பது ரூபாய். அப்படி ஒரு வீட்டில் சாயங்காலமே ஒரு சேச்சியோடு பேசிப் பழக்கம் பிடித்துவைத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைகிற வரைக்கும் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கழிப்பறைக்குப் போக விட்டார்கள். அதற்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. அவர்களுடைய பேத்தியின் பாவாடையில் ஹெம் பிரிந்து தொங்கியது. கைப்பையில் ஊசி நூல் தப்பித்திருந்ததால் அதைத் தைத்துக் கொடுத்தேன். பெரிய நகரத்து ஸ்டேடியத்தைச் சுற்றி இப்படி ஒரு திண்ணை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. சின்ன ஊர் மேட்ச்சுக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கு அந்தத் திண்ணையும் ஒரு காரணம்.

கடைசியாக 2023 ஜனவரி 15. இலங்கையோடு ஒரு நாள் போட்டி. ஞாயிற்றுக்கிழமை என்று தேதி வைத்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அன்றைக்குப் பொங்கல்! எங்கள் மாவட்டத்திலிருந்து வருகிற கூட்டத்தை அந்த ஒரு தேதியே பாதியாக வெட்டிவிட்டது. முந்தின நாள் சபரிமலையில் மகரவிளக்கு, அந்தக் கூட்டம் வேறு ரயிலிலும் பஸ்ஸிலும். விலை மேல் அடுக்குக்கு ஆயிரம், கீழே இரண்டாயிரம், அதற்கு மேல் வரி. கேளிக்கை வரியை ஐந்து சதவீதத்திலிருந்து பன்னிரண்டு ஆக்கியிருந்தார்கள். அதைக் கேட்டதற்கு அந்த மாநில விளையாட்டுத் துறை அமைச்சர், பட்டினி கிடக்கிறவர்கள் மேட்ச் பார்க்கப் போக வேண்டாமே என்கிற மாதிரி பேசிவிட்டார். அவ்வளவுதான், ஊரே கோபித்துக்கொண்டது.

நாங்கள் விடியற்காலையில் பொங்கல் இட்டு, சூரியனுக்குப் படைத்து, சர்க்கரைப் பொங்கலை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அதே சேச்சி வீட்டுத் திண்ணையில் வைத்து அவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிட்டோம். உள்ளே போனால் திகைப்பாக இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் காலி, முன் வரிசை காலி. காலை நீட்டி உட்கார்ந்தேன். கோலி 110 பந்தில் 166, அவுட் ஆகவில்லை. கில் 116. மொத்தம் 390. அந்த மாதிரி ஒரு ஆட்டத்தை, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, ஆளில்லாமல் பார்த்தோம். கோலி ஒரு ஹெலிகாப்டர் ஷாட் அடித்தார். மட்டையில் பட்ட சத்தம் தனியாக, சுத்தமாகக் காதில் விழுந்தது. கூட்டம் நிறைந்திருந்தால் அது கேட்டிருக்காது. பந்தைத் தடுக்க ஓடிய இலங்கை வீரர்கள் இரண்டு பேர் கயிற்றோரத்தில் மோதி விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனார்கள். அப்போது நிலவிய அமைதி எனக்குப் பயமாக இருந்தது. இலங்கை 73க்கு ஆல் அவுட். 317 ரன் வித்தியாசம், ஒரு நாள் போட்டிகளிலேயே அதுதான் பெரிய வெற்றி என்றார்கள். அரங்கு பாதி காலியாக இருப்பதைப் பார்த்து யுவராஜ் சிங் ஒரு நாள் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறதா என்று ட்விட்டரில் கேட்டிருந்தார். நான் அவருக்குப் பதில் எழுத நினைத்தேன். கிரிக்கெட் சாகவில்லை ஐயா, பொங்கல் வந்திருக்கிறது, இரண்டு பேர் வந்துபோகிற செலவு ஒரு வாரத் தையல் கூலி ஆகிறது.

எட்டு மணிவாக்கில் எல்லாம் முடிந்தது. கூட்டமும் இல்லை. அன்றைக்குத்தான் சிரமமே இல்லாமல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.

இப்போது கட்டுரைக்கு வருகிறேன். மதுரையில் சிந்தாமணிப் பக்கம் புதுசாக ஒரு ஸ்டேடியத்தை 2025இல் தோனி வந்து திறந்துவைத்தார். கோவையில் ஒண்டிப்புதூரில் பெரிய ஸ்டேடியம் வரும் என்று அரசு சொல்கிறது. வரட்டும். சென்னைக்கு வெளியிலும் தமிழ்நாடு இருக்கிறது என்று கிரிக்கெட் நடத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் சேப்பாக்கத்தில் மேட்ச் முடிந்தால் வாலாஜா சாலையில் இறங்கி நடந்தால் மெட்ரோ நிலையம். ஐபிஎல் சீசனில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டியே அதில் போய் வந்திருக்கிறார்கள். கோவை மேட்ச்சுக்குக் கோவைக்காரர் மட்டுமா வருவார்? பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர், ஈரோடு, பாலக்காடு எல்லாம் வரும். மதுரைக்குத் தேனியும் ராமநாதபுரமும் விருதுநகரும் வரும். சின்ன நகரத்தில் மேட்ச் என்றால் நூறு கிலோமீட்டர் வட்டாரத்தில் இருக்கிற எல்லோருக்கும் மேட்ச். அவர்களில் பெரும்பாலோருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கடைசி பஸ் போயிருக்கும்.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. சபரிமலைக்கும் திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் சிறப்புப் பஸ் விடுகிறோம். எந்த ஊருக்கு எத்தனை பேர் என்று டிக்கெட் விற்கும்போதே கேட்டுக்கொண்டால் போதும், எத்தனை பஸ் வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துவிடும். டிக்கெட்டோடு சேர்த்துப் பஸ் கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளட்டும், நான் கொடுக்கத் தயார். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஸ்டேடியம் வாசலில் ஊர்ப்பெயர் எழுதிய பலகையோடு பஸ் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்து ஆட்டம் தள்ளிப்போனால் பஸ்ஸும் தள்ளிப் புறப்பட வேண்டும். கூடவே, பெண்களுக்கு இன்னும் நான்கு சோதனை வரிசை. உள்ளே குடிக்கத் தண்ணீர், காசு இல்லாமல். பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் குழாயாவது வைக்க வேண்டாமா?

இன்னொன்று, கேட்டால் சின்ன விஷயம். ஸ்டேடியத்துக்கு வெளியே விற்கிற நீல ஜெர்ஸியைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் கோலி 18. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஓவர்லாக்கே அடித்திருக்கமாட்டார்கள், இரண்டு தோய்ப்பில் பக்கம் பிரியும், எண் உரிந்துவிடும். உள்ளூர்த் தையல்காரர்களுக்கு ஒரு மாதம் முன்னால் சொல்லி ஆர்டர் கொடுத்தால் அதே விலைக்கு ஒழுங்காகத் தைத்துத் தருவோம். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கும்போது கோவையில் இந்தக் கூத்து நடக்கக் கூடாது.

என் மகள் இப்போது கோவையில்தான் வேலை பார்க்கிறாள். ஒண்டிப்புதூரில் மேட்ச் என்று அறிவித்தால் முதல் நாளே டிக்கெட் எடுத்துவிடுவேன் என்கிறாள். அவள் அறை ஒண்டிப்புதூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த வழியில் என்ன பஸ் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

தங்கள் நெடுநாள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.